ஒன்றரை கிலோமீட்டருக்கு எழுபது ஷெக்கல்!

நம்மூர்ப் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். இஸ்ரேலில் இருக்கும் பெத்ஷிமேஸ் ரயில் நிலையத்திலிருந்து, பைபிளில் வரும் பழைய பெத்ஷிமேஸ் ஊர் இருந்த மேடு ஒன்றரை கிலோமீட்டர்தான். மீட்டர் போடச் சொன்னேன். டாக்சிக்காரர் சிரித்தார். புது நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, 38ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டார். திரும்பும்போது நடந்தே வந்தேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வயிற்றெரிச்சலோடு மேட்டில் ஏறி நின்றால் கீழே சோரேக் பள்ளத்தாக்கு. கடல் பக்கமாக சுமார் 12 கி.மீ. தள்ளி எக்ரோன், இஸ்ரவேலரின் எதிரிகளாகக் கடலோரத்தில் வாழ்ந்த பெலிஸ்தரின் ஊர். பைபிளின் 1 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில், பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியை ஏற்றிய வண்டியை இரண்டு கறவைப் பசுக்கள் அங்கிருந்துதான் இழுத்துக்கொண்டு வருகின்றன. ஓட்ட ஆள் கிடையாது, வழி காட்டவும் ஆள் கிடையாது, ஆனாலும் நேராக இங்கே வந்து நின்றன. நம்ம டாக்சிக்காரர் அந்த அதிகாரத்தைப் படித்ததில்லை போல.

சரி, ஊருக்கு வருவோம். இந்த நிலத்தின் பழைய குடிகளான கானானியர் வாழ்ந்த இடம் இது. பெயருக்குச் 'சூரியனின் வீடு' என்று பொருள். 1911இல் தொல்லியல் ஆய்வாளர் டங்கன் மெக்கென்சி தோண்ட ஆரம்பித்தார். 1990 முதல் தொல்லியல் ஆய்வாளர்கள் ஷ்லோமோ புனிமோவிட்ஸும் ட்ஸ்வி லெடர்மனும் தோண்டியதில் எலும்புக் குப்பைதான் பெரிய விஷயமாகிவிட்டது. எக்ரோனில் பன்றி எலும்பு ஏராளம். இங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கறுப்பும் சிவப்பும் தீட்டிய பெலிஸ்தப் பானை ஓடுகளும் கொஞ்சம்தான். பெலிஸ்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், 'நாங்கள் வேறு' என்று காட்டவே இவர்கள் பன்றியைத் தொடாமல் இருந்தார்கள் என்பது இருவரின் வாதம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அடுத்த வீட்டுக்காரர் என்ன சமைக்கிறார் என்பதை வைத்து ஆளை எடைபோடும் ஊரிலிருந்துதானே நானும் வருகிறேன்!

இதற்குப் பிந்தைய காலத்தில், பாறையைக் குடைந்து சிலுவை வடிவத்தில் ஒரு நீர்த்தேக்கம் அமைத்திருக்கிறார்கள். சுமார் 800 கன மீட்டர், அதாவது எட்டு லட்சம் லிட்டர். என் பாட்டிலில் மிச்சம் இரண்டு மடக்கு.

பசி உயிர் போனது. ஊருக்குள் ஃபலாஃபெல் வாங்கினேன், கொண்டைக்கடலை வடை மாதிரி. மேலே மஞ்சளாக 'அம்பா' ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது, நம் மாங்காய் ஊறுகாயின் ஒன்றுவிட்ட தம்பி! ஈராக் யூதர்கள் கொண்டுவந்ததாம், பெயர் மராத்தியிலிருந்து. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன், அதற்குக் காசு வாங்கவில்லை.

எப்படிப் போவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், டாக்சி வந்து கெடுத்துவிட்டது. டெல் அவிவிலிருந்து ரயில் உண்டு, சனிக்கிழமை பகலில் ஓடாது. மேட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, நிழலும் இல்லை. தண்ணீர் இரண்டு பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.