இரண்டு ரத்தத்துக்கு நடுவே ஒரு கண் படம்

சர்க்கரை கிளினிக்கில் கண் பரிசோதனையைச் சேர்க்க நினைத்தபோது கேமரா விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். உண்மையான சிக்கல் நேரம். "கண் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு மருந்துச் சீட்டோடு மடிந்து பைக்குள் போய்விடும். சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு வலிக்காது. மாக்குலாவில் (கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி) நீர் கோக்கும்வரை, அல்லது கண்ணுக்குள் பெரிதாக ரத்தம் கொட்டும்வரை பார்வையும் குறையாது. நன்றாகத் தெரிகிற கண்ணுக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்?

வழி காலை வரிசையிலேயே இருந்தது. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், இட்லி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். இடையில் எல்லாரும் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கண் படத்தை அங்கே வைத்தோம்.

முதலில் கண்ணாடி போட்டபடி பார்வை அளவு. பிறகு ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிய அறை. 5 நிமிடம் இருட்டில் உட்கார்ந்தால் பலருக்குச் சொட்டு மருந்து இல்லாமலே கண்பாப்பா விரிந்துவிடும். ஒவ்வொரு கண்ணிலும் 45 டிகிரியில் 2 படம்: ஒன்றில் மாக்குலா நடுவில், மற்றதில் பார்வை நரம்பின் தட்டு நடுவில். ஒரு கண் முடிந்ததும் உடனே அடுத்த கண்ணுக்குத் தாவக் கூடாது. ஃபிளாஷில் இரண்டு பாப்பாவுமே சுருங்கியிருக்கும், சில நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் படம் ஓரமெல்லாம் இருண்டு வரும். படத்தின் ஓரத்தில் மங்கலாக நிழல் விழுந்தால் பெரும்பாலும் இமையோ இமை முடியோதான். ஒரே புள்ளி அதே இடத்தில் அடுத்தவர் படத்திலும் இருந்தால் அது நோய் இல்லை, லென்ஸில் தூசி.

புரை உள்ள வயதானவர்கள் படம் மங்கலாகத்தான் வரும். அதை 'நார்மல்' என்று எழுதுவதுதான் இந்த வேலையில் நடக்கிற மோசமான தவறு. 'படிக்க முடியவில்லை' என்று எழுதிக் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். டிராபிகமைடு சொட்டு விட்டால் பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் மங்கும். அன்று டூவீலர் ஓட்டக் கூடாது என்பதைச் சொட்டு விடுமுன் சொல்ல வேண்டும், விட்ட பிறகு இல்லை.

முடிவைத் தனிக் கண் ஃபைலில் வைக்காமல், சர்க்கரை நோட்டில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எண்ணுக்கு அடுத்த கட்டத்திலேயே எழுதினோம். மருந்து எழுதுகிறவருக்கு அது உடனே தேவை. 11 சதவீதத்தில் இருக்கிற ஹெச்பிஏ1சியை இன்சுலினால் மளமளவென்று இறக்கினால், ஏற்கெனவே பாதித்த விழித்திரை முதல் சில மாதங்களில் மோசமாகலாம். அதற்காகச் சர்க்கரையைக் குறைக்காமல் விடக் கூடாது. கண்ணை முதலில் பார்த்துவிட்டு இறக்க வேண்டும், இடையிலும் பார்க்க வேண்டும். மாக்குலாவில் வீக்கம் இருந்தால் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் கண் பார்த்தாக வேண்டும். பாதிப்பு இல்லாதவருக்கு ஒரு வருடம் கழித்து அடுத்த படம். விழித்திரையில் புது ரத்தக் குழாய் முளைத்திருந்தால் சீட்டு போதாது. அங்கேயே போன் போட்டு அந்த வாரத்துக்கே நேரம் வாங்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஆள் நழுவுகிற இடம் ஒன்று உண்டு: அனுப்பிவைத்த பிறகு. இங்கிலாந்தில் 2003 முதல் கடிதம் போட்டு அழைத்துப் படம் எடுக்கிறார்கள். அங்கும் இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக் காரணங்களில் முதலிடத்தில் இருந்த சர்க்கரைக் கண் நோய் 2009-10 கணக்கில் இரண்டாமிடத்துக்கு இறங்கியிருந்தது. நமக்கு ஒரு நீள நோட்டு போதும்: பெயர், போன், எங்கே அனுப்பினோம், போனாரா. 15-ஆம் நாள் ஒரு அழைப்பு.

போகத் தயங்குகிறவரிடம் அவர் படத்தையும் பாதிப்பில்லாத ஒரு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டினால், பத்து நிமிடப் பேச்சைவிட வேலை நடக்கும். விழித்திரைக்குக் கொடுக்கும் லேசர் சிகிச்சை பற்றி மட்டும் முன்கூட்டியே உடைத்துச் சொல்லிவிட வேண்டும்: அது இருக்கிற பார்வையைக் காப்பாற்ற, கூட்டுவதற்கு இல்லை. இதைச் சொல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் "லேசர் வெச்சும் ஒண்ணும் தெளியலையே" என்று இரண்டாவது தவணைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.