தொரப்பாடி மதிலும் ஒரு வினைச்சொல்லும்

வேலூர் தொரப்பாடியில், 1830-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் மத்திய சிறையின் மதிலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, உள்ளே இருப்பவர்கள் எப்படி அங்கு வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்வி சிறுவயதிலிருந்தே உண்டு. அதனால்தான் பல்கலைக்கழகத்தில் உளவியலையும் குற்றவியலையும் சேர்த்தே படிக்கிறேன்.

இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தை எனக்குக் காட்டியது, 1974-ல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பால்மரும் வெளியிட்ட ஆய்வு. விபத்துக் காட்சி ஒன்றைப் பார்த்தவர்களில் 50 பேரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், வேறு 50 பேரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள்; ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் சொன்னார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

காட்பாடி சாலையில் நடந்த ஒரு விபத்தை நேரில் பார்த்த என் சித்தப்பாவிடம், “லாரி எவ்வளவு வேகமா வந்து இடிச்சுது?” என்றுதான் ஆளாளுக்குக் கேட்டார்கள். மாலைக்குள் அவர் சொன்ன வேகம் கூடிக்கொண்டே போனது. குற்றவியல் மட்டும் படித்திருந்தால் சாட்சி என்ன சொன்னார் என்பதோடு நின்றிருப்பேன்; இப்போது, அவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வியையும் அப்படியே எழுதி வைத்தார்களா என்று தேடுகிறேன்.