ஓஎஸ் லேபுக்கு டூயல் பூட்: பாதி வேலை விண்டோஸ் பக்கத்தில்தான்

நாலாம் செமஸ்டர் ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) லேப் தொடங்கியதும் மதுரைப் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் கேட்கிற புலம்பல் இது: "காலேஜ்ல ஓடுன புரோகிராம் என் லேப்டாப்ல ஓட மாட்டேங்குது." ஓடாது. காலேஜ் லேபில் இருப்பது லினக்ஸ், உங்களிடம் விண்டோஸ். அந்தப் புரோகிராம்களில் வரும் ஃபோர்க், ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கும், யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டம் கால். கோட்பிளாக்ஸோடு வரும் மின்ஜிடபிள்யூ கம்பைலரில் அது கிடையவே கிடையாது.

லேப் மார்க் மட்டும் போதுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டு இத்தோடு நிறுத்திவிடலாம், அதிலும் ஃபோர்க் ஓடும். ஆனால் பூட் லோடர், பார்ட்டிஷன், மவுன்ட் என்று வைவாவில் குடைவதெல்லாம் டூயல் பூட், அதாவது ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தடுமாறாமல் வரும். விர்ச்சுவல் மெஷின் 8 ஜிபி ராமில் சுமாராக ஓடும். 4 ஜிபியில் இரண்டு ஓஎஸ்ஸும் திணறும்.

செமஸ்டர் லீவு விட்ட முதல் வாரத்தில் போடுங்கள். பிராக்டிகலுக்கு முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவில் என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில், பார்ட்டிஷன் சுருங்கிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டேட்டாவும் சேர்ந்து போய்விடலாம்.

லினக்ஸ் இன்ஸ்டால் ஆவது அரை மணி நேர வேலை. கெடுவதில் பெரும்பகுதி அதற்கு முன்னால் விண்டோஸில் செய்யாமல் விட்டதால்தான்.

ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்த கையோடு டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரைப் பாருங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் நாம் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். பயாஸில் (லேப்டாப் எழும்பும்போது திறக்கும் செட்டிங்ஸ்) எதையாவது மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும் அந்த எண்ணை ரெக்கார்ட் நோட்டின் பின்னட்டையில் கையால் எழுதிவிட்டு, என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் டிக்கை எடுக்க வேண்டும். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னலை ஹைபர்நேட் செய்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ், விண்டோஸ் டிரைவைப் படிக்க மட்டும்தான் விடும். வம்படியாக எழுத வைத்தால் ஃபைல்கள் கெடும்.

எம்எஸ்இன்ஃபோ32 திறந்து பயாஸ் மோட் யூஇஎஃப்ஐ (புது வகை பூட் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவிலிருந்து 60 ஜிபியைக் குறைத்து, அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். நிறைய இடம் இருந்தும் 10 ஜிபிதான் சுருங்கும் என்று காட்டினால், நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்நேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தையதிலும் சில லேப்டாப்களில் உபுன்டு இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் ஸ்டோரேஜ் வசதி ஆனில் இருப்பதுதான் காரணம். அதை நேரே அணைத்தால் விண்டோஸ் நீலத்திரையில் விழும். எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் விஎம்டியை அணைத்து, விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை எழும்பிய பிறகு டிக்கை எடுங்கள். சேஃப் மோடில் பின் நம்பர் சில சமயம் ஏற்காது, பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும்.

உபுன்டு 24.04 எல்டிஎஸ் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 6 ஜிபி. அதற்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். 4 ஜிபி ராம் என்றால் லுபுன்டு எடுங்கள். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ தேர்ந்தெடுத்து எழுதி, இன்ஸ்டாலரில் மேனுவல் பார்ட்டிஷன் போங்கள். காலி இடத்தில் லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட் வெறும் ஸ்லாஷ். விண்டோஸ் வைத்திருக்கும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனையே பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் ஃபார்மட் டிக் மட்டும் அதில் விழவே கூடாது. விழுந்தால் விண்டோஸின் பூட் ஃபைல்கள் போச்சு.

என்விடியா கார்டு இருந்து, கையொப்பமிட்டதை மட்டும் எழும்ப விடும் செக்யூர் பூட்டும் ஆனில் இருந்தால், டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம். சொன்னால், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை ஒன்று சில விநாடி வந்து போகும். அதில் என்ரோல் மோக் கொடுத்து அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

இனி கடிகாரம். உபுன்டு போய்விட்டு விண்டோஸ் வந்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் ஓடும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) என்றும் விண்டோஸ் உள்ளூர் நேரம் என்றும் எடுத்துக்கொள்வதால் வரும் வினை. ஆன்லைன் டெஸ்ட் அன்றைக்கு இது பெரிய தலைவலி. உபுன்டு டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' (timedatectl set-local-rtc 1) கொடுத்தால் தீர்ந்தது.

வேகத்துக்கு வருவோம். 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில் எந்த டியூனிங்கும் பெரிதாக எடுபடாது. கையில் காசிருந்தால் முதலில் சாட்டா எஸ்எஸ்டி, அப்புறம்தான் ராம். மதுரை டவுன் ஹால் ரோட்டுக்கு ராம் வாங்கப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3எல் ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது.

சித்திரை, வைகாசியில் ஃபேன் கத்திக்கொண்டே மெஷின் மந்தமானால் சாஃப்ட்வேரைக் குறை சொல்லாதீர்கள். சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, மெத்தையில் வைக்காமல் மேஜையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ராம் குறைவானவர்கள் ஸ்வாப்பினஸ்ஸை (டிஸ்க்கை ராம் போலப் பயன்படுத்தும் அளவு) 60-லிருந்து 10-க்கு இறக்கும் பழைய யோசனையைவிட, ராமுக்குள்ளேயே டேட்டாவைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் போட்டுக்கொள்வது மேல். பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி நிறுவினால் பவர் புரொஃபைல்ஸ் டீமனை எடுத்துவிடுங்கள், இரண்டும் மோதும்.

சி கம்பைலர் அடங்கிய பில்டு-எசென்ஷியலை அன்றைக்கே நிறுவி, ஒரு ஃபோர்க் புரோகிராமை நெட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பிராக்டிகல் முடியும்வரை விண்டோஸ் அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது நல்லது. 2024 ஆகஸ்ட் அப்டேட் வந்தபோது பலருடைய டூயல் பூட் மெஷின்களில் 'ஷிம் எஸ்பிஏடி' பிழை காட்டி லினக்ஸ் எழும்பாமல் போனது. அப்படி நின்றால் ரீஇன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள். பிட்லாக்கர் கீ கையில் இருக்கிறதா பார்த்துவிட்டு, பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தால் உபுன்டு வந்துவிடும்.