வீடு யார் பேரில்

அக்டோபர் 26, 2025, ஞாயிறு

தீபாவளிக்கு வந்தவள் இன்னும் பாபநாசத்திலேயே இருக்கிறேன். வெள்ளிக்கிழமை அப்பாவை வங்கிக்குக் கூட்டிப்போனேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய கை அது, இப்போது பேனா பிடித்தாலே நடுங்குகிறது. மூன்றாவது தடவையும் சேரவில்லை. கடைசியில் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்கள். ஊருக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவர் கைநாட்டு வைத்தார். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், "வீட்டைத் தம்பி பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடலாம்னு இருக்கேன்" என்றார். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம் அது.

"அம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

"அவன் பாத்துக்க மாட்டானா?"

பார்த்துக்கொள்வான். என் தம்பியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 73 வயதில் அம்மா ஒருவரின் நல்ல மனசை நம்பி இருக்க வேண்டுமா, தன் வீட்டில் இருக்க வேண்டுமா என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

அப்பாவை அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அத்தை இருப்பது கொல்லைப்புற அறை. 2016-இல் தன் பேரில் இருந்த வீட்டை மகனுக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. பெற்ற பிள்ளையிடம் யார் நிபந்தனை போடுவார்கள்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்துவிட்டு அது நடக்காமல் போனால், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில், இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆக வழி இருக்கிறது. இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன்.

"பெத்த பிள்ளை மேல நான் மனு கொடுக்கணுமா? போடி" என்றார்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் வரும்போது, "இவ்வளவு தூரம் எனக்குத் தெரியாது" என்றார். சொந்தத் தங்கை.

நவம்பர் 2, ஞாயிறு

பீரோவைக் காலி செய்து காகிதங்களைத் தரையில் பரப்பினோம். வீட்டின் மூலப்பத்திரம் இருக்கிறது. வீட்டின் மேல் அடமானம், விற்பனை எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. நிலத்துப் பட்டா இன்னும் தாத்தா பேரில். வங்கி வைப்பு நிதி ஒன்றில் நாமினி யார் என்று பார்த்தால், 1997-இல் செத்துப்போன பாட்டி!

நேற்று முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று விதி மாறியிருக்கிறது. நாளைக்கே போய் அம்மா பெயரை எழுதிவிட வேண்டும். ஆனாலும் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பணம் யாருக்கு என்பதை உயில் சொல்லும், உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டம் சொல்லும். இதைப் புரியாமல் உடன்பிறந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டதை இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது. 52 வருஷக் குடித்தனம்.

நவம்பர் 9, ஞாயிறு

கும்பகோணத்தில் வக்கீலம்மாவைப் பார்த்தோம். தம்பியும் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டான். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

செட்டில்மென்ட் செலவு அப்பா பயந்த அளவுக்கு இல்லை. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலையில் கூட்டிய கணக்கு. ஆனால் எழுதிய அன்றே வீடு கைமாறிவிடும், மனசு மாறினால் நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. உயில் அப்படி இல்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், முத்திரைத்தாள் வேண்டாம், உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி, "எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்தா போதாதா?" என்றான். தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும், சித்தம் கலங்கினாலும் முடிந்துவிடும் என்றார் வக்கீலம்மா. அப்பாவுக்கு நடுங்குவது கை மட்டும்தான். நினைவு தெளிவாக இருக்கும்போதே வந்தது நல்லது என்று அப்போதுதான் உறைத்தது.

நிலம் பாகப்பிரிவினையில் வந்த பூர்வீகச் சொத்து, அதில் தன் பங்குக்கு மட்டும்தான் அப்பா உயில் எழுத முடியும். 1989-லேயே தமிழ்நாட்டில் கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆனது 1994-இல். "இவளுக்கும் பங்கு இருக்கு சார்" என்று வக்கீலம்மா சொன்னபோது அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நிலத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் அம்மாவின் கூரை.

நவம்பர் 16, ஞாயிறு

உயிலின் வரைவு வந்தது. "என் மனைவி தன் ஆயுள்வரை வீட்டில் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை" என்று அப்பா சொன்னபடியே எழுதியிருந்தது. சத்தமாகப் படித்தேன். அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த வீடு கட்டும்போது என் எட்டுப் பவுனை வித்தோமே, அப்ப நான் ஆயுள்வரைக்கும்னா கொடுத்தேன்?"

குரலை உயர்த்தவில்லை. கீரையிலிருந்து கையையும் எடுக்கவில்லை. அப்பா வெகுநேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம் தம்பிக்கு அவரே போன் போட்டார். "அம்மாவுக்கே முழு உரிமையா எழுதப்போறேன்டா. அவளுக்கு அப்புறம் அவ இஷ்டம்." தம்பி சரி என்றான். உடனே சொன்னான். அதற்காகவே அவனை இன்னும் நூறு மடங்கு பிடிக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

பதிவு முடிந்தது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கையெழுத்தை நாளைக்கு யாரும் சந்தேகப்படக் கூடாது என்றுதான் செய்தோம். நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டரிடம் சான்றும் வாங்கி வைத்தோம். சாட்சிக்குத் தன் நண்பரைத்தான் அழைக்க நினைத்தார் அப்பா. அவருக்கு 81. பின்னால் கோர்ட்டில் வந்து சொல்லவேண்டியது சாட்சிகள்தான், வயதில் சின்னவர்களாகப் பாருங்கள் என்றார் வக்கீலம்மா. அப்பாவின் பழைய மாணவர்கள் இருவர் வந்தார்கள். உயிலில் அவர்களுக்கு எதுவும் இல்லை.

அங்கே எல்லாருக்குமே விரல்ரேகை வைத்தார்கள். அப்பாவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். நடுக்கத்தோடு கையெழுத்தும் போட்டார், முழுப்பெயராக.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். மழை விட்டதும் அம்மா வாசலில் அகல் ஏற்றினாள். உள்ளே வந்து, "நானும் ஒண்ணு எழுதணும்" என்றாள். தன் நகைகளுக்கும், பாட்டி கொடுத்த பாத்திரங்களுக்கும். அப்பா வெள்ளைத்தாள் எடுத்து உட்கார்ந்தார். அம்மா சொல்லச் சொல்ல அவரே எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக, நின்று நின்று. இரட்டைவடச் சங்கிலி மருமகளுக்கு. வளையல் நாலும் எனக்கு. வெண்கலப் பானை அத்தைக்கு, அவள் இருந்தால். கம்மல் வந்தபோது அம்மா காதைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"இது யாருக்குன்னு நாளைக்குச் சொல்றேன். இடம் விட்டு எழுதுங்க."

அப்பா இரண்டு வரி இடம் விட்டார்.