மகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போட்ட அனுபவம்

ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் சம்மதம் வாங்கத்தான் நாளாயிற்று.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸைத் தடுக்கும் ஊசியை இப்போதே போட்டுவிடச் சொன்னார் குழந்தைகள் மருத்துவர். "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாமே, என்ன அவசரம்?" என்றார் என் மாமியார். உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், சங்கடம் அதில்தான். கணவருக்கு வேறு பயம். வைரஸையே உடம்புக்குள் விடுகிறார்களோ என்று.

அவருக்காகத் தேடிப் படித்தபோதுதான் இயான் ஃப்ரேசர், ஜியான் ஜோ இருவரைப் பற்றியும் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஆய்வகத்தில் வளர்ப்பதற்கே பெரும்பாடு படுத்தும் வைரஸ் இது. 1991-இல் அதன் மேலுறைப் புரதத்தை மட்டும் செல்களில் உருவாக்கிப் பார்த்தார்கள். அந்தப் புரதங்கள் தாமாகவே ஒன்றுகூடி வைரஸ் உருவத்தில் திரண்டன. உள்ளே மரபணு கிடையாது, பருப்பில்லாத கடலைத்தோடு மாதிரி. நோயைத் தர முடியாது. ஆனால் நம் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அசல் வைரஸ் என்றே நம்பி எதிர்ப்புப் பொருள்களைத் தயாரித்துக்கொள்ளும். தடுப்பூசி புழக்கத்துக்கு வந்தது 2006-இல். ஜியான் ஜோ 1999-லேயே இறந்துவிட்டார் என்று படித்தபோது மனசு கனத்தது.

மாமியாரிடம் பேசியது மருத்துவர். ஏற்கெனவே தொற்றிய வைரஸை இந்த ஊசி விரட்டாது, அதனால்தான் முன்கூட்டியே போடுவது என்றார். சின்ன வயதில் எதிர்ப்புச் சக்தி நன்றாக உருவாகும். 9 முதல் 14 வரை இரண்டு டோஸ், பதினைந்து ஆகிவிட்டால் மூன்று. "அப்ப இப்பவே போட்டா ஒரு ஊசி மிச்சமா?" என்றார் மாமியார். அதோடு விவாதம் முடிந்தது!

நாங்கள் போட்டது சீரம் இன்ஸ்டிட்யூட்டின் செர்வாவேக். இறக்குமதி ஊசியைவிட விலை குறைவு. இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான, 16, 18 என்று எண்ணிட்ட இரு வைரஸ் வகைகளையும் தடுக்கும். போகும் முன் ஸ்டாக் இருக்கிறதா என்று போன் செய்துவிடுங்கள். பிள்ளையை வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். இந்த வயதில் சிலருக்கு மயக்கம் வரும் என்று ஊசிக்குப் பிறகு பதினைந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். வலது கையால் எழுதுபவள் என்பதால் இடது கையில் போடச் சொன்னேன். கை கொஞ்சம் வலித்தது, காய்ச்சல் இல்லை.

ஆறு மாத இடைவெளியில் இரண்டாவது டோஸும் போட்டாயிற்று. எல்லா வகை வைரஸையும் இது தடுக்காது என்பதால், முப்பது வயதுக்கு மேல் அவளும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.