எத்தனை கண், கண்ணு?

நம் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் தையல் வகுப்பு. எட்டாம் வகுப்புக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்காருவோம். காங்கேயத்துக் காற்று ஆடி மாதத்தில் நூல் உருண்டையை வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்விடும். தையல் டீச்சர் ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, வரிசை முடிந்திருந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: "எத்தனை கண், கண்ணு?"

ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாப் பின்னலில் ஒவ்வொரு வளையத்தையும் டீச்சர் 'கண்' என்றே சொல்வார், வலைக்கும் சல்லடைக்கும் சொல்வதுபோல. வரிசைக்கு 121 கண் என்றால் 121 இருக்க வேண்டும். 120 என்று சொன்னால் திட்டமாட்டார். ஊசியை உருவிவிட்டு நூல் நுனியை நம் கையிலேயே கொடுப்பார். பிரிப்பதும் பின்னியவள் வேலைதான். ஒரு வாரம் பின்னியது அரை நிமிடத்தில் நூலாகிவிடும். அழுதவர்கள் உண்டு. நானும் அழுதிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நூலுக்குக் குறைவில்லை. அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பார்த்தார். கோனில் மிஞ்சும் நூலைக் கொண்டுவருவார். பனியன் நூல் மெல்லியது, முறுக்கும் குறைவு. நான்கைந்து இழையைச் சேர்த்துப் பிடித்தால்தான் குரோஷா ஊசியில் நிற்கும். ஒருநாள் உடைந்த மெஷின் ஊசி ஒன்றைக் கொண்டுவந்து என் ஊசியின் பக்கத்தில் வைத்தார். அதே கொக்கி, ஆனால் அதில் மூடித் திறக்கும் சிறு நாக்கு ஒன்று இருந்தது. "எங்கள் மெஷினின் வட்டத்தில் இந்த மாதிரி ஆயிரத்துக்கும் மேல் ஊசி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு கண்ணைப் பிடித்திருக்கும். உனக்கு ஒரே ஊசி, ஒரே கண்" என்றார். இரண்டு பின்னலுக்கும் உள்ள வேற்றுமையை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளாக மான்செஸ்டரில் வசிக்கிறேன். வந்த புதிதில் நூலகத்தில் ஒரு சால்வைக்கான குறிப்பை எடுத்துப் பின்னினேன். அளவு பாதிகூட வரவில்லை. குறிப்பு அமெரிக்காவில் எழுதப்பட்டது. அங்கே 'டபுள்' என்னும் கண் டீச்சர் நமக்குச் சொல்லிக்கொடுத்த 'ட்ரெபிள்', நம் டபுளைவிட உயரமானது. பிரிட்டிஷ் முறையில் கற்ற நம் பள்ளிப் பெண்கள் எந்தக் குறிப்பையும் தொடங்கும் முன் அது எந்த நாட்டுக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இங்கே வந்துதான் தெரிந்தது. பள்ளிக்காக வாங்கிய நூல் உருண்டைகளின் லேபிளில் 'மெர்சரைஸ்டு' என்று அச்சிட்டிருக்கும். கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தேன். ஜான் மெர்சர் என்பவர் நான் இருக்கும் இதே லங்காஷயர் பக்கத்து கிரேட் ஹார்வுடில் பிறந்தவர். பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை பருத்து, வலுவாகி, சாயத்தை நன்றாகப் பிடிக்கும் என்று கண்டு 1850இல் காப்புரிமை வாங்கினார். நூலை இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பளபளப்பு வரும் என்பது நாற்பது ஆண்டுகள் கழித்து ஹொரேஸ் லோ கண்டது. நம் தாழ்வாரத்தில் அந்த நூல் வெயிலில் மின்னியதற்குக் காரணம் இந்த மழை ஊரில் இருந்திருக்கிறது. கிரேட் ஹார்வுடுக்குப் போய் ஒரு மாலை நேரம் சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

இப்போது ஊசியில் இருப்பவை மூன்று. முதலாவது, மார்ச்சில் பிறந்த என் பேத்திக்காகக் காங்கேயம் கன்றுகள்.

ஜப்பானியர்கள் அமிகுருமி என்று சொல்லும் பொம்மைப் பின்னல் இது. ஆறு கண்ணில் ஒரு சுற்றுத் தொடங்கி அடுத்த சுற்றுகளில் 12, 18, 24 என்று ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழியும். உடம்பு எளிதாக வந்துவிட்டது. திமில்தான் நான்கு முறை பிரிய வேண்டியிருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துத் தைத்தால் முதுகில் உருண்டை ஒட்டியதுபோல் இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் கண்களைக் கூட்டி, முன்பக்கத்தை அப்படியே விட்டபோதுதான் திமில் சற்றுச் சாய்ந்து, உயிரோடு வந்து உட்கார்ந்தது.

நிறத்துக்குக் காரணம் அப்புச்சி, அம்மாவின் அப்பா. அவருடைய கொறங்காட்டில், வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், மாடுகள் மேயும். கிளுவை வேலி, நடுவே வெள்வேல் மரங்கள், காய்ந்தும் காயாமலும் கொழுக்கட்டைப் புல். ஒரு கோடை விடுமுறைக்குப் போனபோது செக்கச் செவேலென்று ஒரு கன்று பிறந்திருந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே கிடந்தேன். மறுபடி அரையாண்டு விடுமுறைக்குப் போனால் அந்தக் கன்றைக் காணவில்லை. சாம்பல் நிறத்தில் வேறொன்று நின்றது. சிவப்புக் கன்றை விற்றுவிட்டார்கள் என்று அழுது தீர்த்தேன். அப்புச்சி என் கையைப் பிடித்துச் சாம்பல் கன்றின் நெற்றியில் வைத்து, "இதுதான் சாமி அது. வளர்ந்தால் மயிலையாகிவிடும்" என்றார்.

அதனால் மூன்று கன்றுகள் பின்னுகிறேன். இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுவதால் முதல் கன்றுக்கு இரண்டும் சிவப்பு. நடுக் கன்றுக்கு ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். அது தூரத்திலிருந்து பார்த்தால் புழுதி படிந்த நிறத்தில் இருக்கிறது. அந்த வயதுக் கன்று அப்படித்தான் இருக்கும். மூன்றாவதற்கு இரண்டும் சாம்பல். மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே கண் எண்ணிக்கை. பேத்தி வளர்ந்து எது எது என்று கேட்கும்போது மூன்றும் ஒன்றுதான் என்று சொல்வேன்.

இரண்டாவது ஒரு போர்வை. என் திருமணச் சீரில் வந்த பவானி ஜமக்காளம் இங்கே ஒரு பெட்டியில் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் பட்டைகளை அங்குலக் கோலால் அளந்து, அதே வரிசையில் கம்பளி நூலில் பின்னுகிறேன். சதுரம் சதுரமாகப் பின்னி இணைக்கும் போர்வை இங்கே எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கு மனம் ஒட்டவில்லை. ஜமக்காளத்தில் நிறம் ஒரு கரையில் தொடங்கினால் மறுகரை வரை ஓடும். அந்த ஓட்டம் எனக்கு வேண்டும். பட்டை மாறும் இடத்தில் பழைய நிறத்தின் கடைசிக் கண்ணை முடிக்கும்போதே புதிய நூலை இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஓரம் பல் பல்லாகத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைகளில் குரோஷாச் சட்டைகள் மலிவாகத் தொங்குகின்றன. பனியனைப்போல இதை ஓட்டித்தள்ளும் மெஷின் ஆலைகளில் இல்லை. அந்தச் சட்டை உண்மையான குரோஷா என்றால், எங்கோ ஒரு பெண் ஒவ்வொரு கண்ணையும் கையால் எடுத்திருக்கிறாள். விலையைப் பார்க்கும்போது அவளுக்குக் கிடைத்தது எவ்வளவு இருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. நான் வாங்குவதில்லை.

மூன்றாவது வேலை நம் பள்ளியுடையது.

1989இல், பதினொன்றாம் வகுப்பில், டிவிக்கு மூடுதுணி பின்னுவது நமக்கெல்லாம் பெரிய ஆசையாக இருந்தது. டீச்சர் கட்ட நோட்டில் இரண்டு கிளிகளை வரைந்து தந்தார். கறுப்புக் கட்டத்தில் ட்ரெபிள்களால் நிரப்ப வேண்டும், வெள்ளைக் கட்டத்தில் இரண்டு செயின் (சங்கிலிக் கண்) போட்டு இடைவெளி விட வேண்டும். நாற்பது கட்டம், கட்டத்துக்கு மூன்று கண், கடைசிக்கு ஒன்று: அந்த 121 இங்கேயும் வந்தது. கிளிகளின் கழுத்து வரை பின்னினேன். பிறகு பொதுத் தேர்வு, கல்லூரி, கல்யாணம். அம்மா அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது. ஊசி அதே கண்ணில் மாட்டியபடியே துருப்பிடித்திருந்தது.

அந்த ஒரு கண்ணை மட்டும் துருக்கறையோடு விட்டுவிட்டு, போன தைப்பொங்கல் அன்று தொடர்ந்தேன். பழைய பாதி மோர் நிறத்துக்கு வந்துவிட்டது, புது நூல் வெள்ளை. வெளுக்க வைத்துச் சமன் செய்யலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. நிறம் மாறும் வரி கிளிகளின் கழுத்தில் ஆரம்போல ஓடுகிறது.

இப்போது கிளிகளின் வால் வரை வந்துவிட்டேன். வாலுக்குக் கீழே ஒரு பூச்சட்டி உண்டு என்பது நினைவிருக்கிறது. சட்டியின் வாய் அகலமா, அதில் எத்தனை பூ, எதுவும் நினைவில் இல்லை. என் கட்ட நோட்டின் கடைசிப் பக்கம் கிழிந்துபோய்விட்டது. டீச்சர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டு என்னோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்கள் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் இருக்கிறீர்கள். உங்களில் யாரிடமாவது அந்த நோட்டோ, பின்னி முடித்த துணியோ இருந்தால், 58ஆம் வரிசையிலிருந்து படம் எடுத்து இந்தப் பள்ளி மலரின் குழுவுக்கு அனுப்புங்கள். பூச்சட்டி தெளிவாக விழ வேண்டும். கட்டங்களை நானே எண்ணிக்கொள்கிறேன்.