4 + 8 = 12: லப்டொப்புக்கு ரேம் வாங்க முன் பார்த்தவை

மேசையில் இருப்பது இன்டெல் ஐ5-8250யூ புரொசஸர் உள்ள லப்டொப். ரேம் 4 ஜிபி மட்டும். குரோமில் நாலைந்து டேப் திறந்தாலே திணறுகிறது. 8 ஜிபி ஒன்றைச் சேர்த்து 12 ஆக்குவதுதான் வேலை.

முதலில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபோமன்ஸ், அதில் மெமரி. "ஸ்லொட்ஸ் யூஸ்ட் 1 ஒஃப் 2" என்று காட்டியது. இதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகக்கூடாது. பயோஸ் (மெஷினை எழுப்பும், மதர்போட்டில் உள்ள மென்பொருள்) சொல்வதைத்தான் விண்டோஸ் அப்படியே காட்டுகிறது. சில மொடல்களில் இரண்டாவது ஸ்லொட்டுக்கு இடம் மட்டும் இருக்கும், சொக்கெட் இருக்காது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம்: 4 ஜிபி மதர்போட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது, பக்கத்தில் வெறும் ஸ்லொட் ஒன்று. நல்லது.

அடுத்து சிபியு-இசட், மெஷினின் பாகங்களின் விபரம் காட்டும் புரோகிராம். மெமரிப் பக்கத்தில் 1200 மெகாஹேர்ட்ஸ் என்று வரும். பயப்பட வேண்டாம், டிடிஆர் ரேம் ஒரு துடிப்பில் இருமுறை தரவு அனுப்புவதால் இரண்டால் பெருக்க வேண்டும்: 2400. இந்த புரொசஸருக்கு இன்டெல் சொல்லும் உச்சம் டிடிஆர்4-2400, மொத்தம் 32 ஜிபி. 3200 போட்டாலும் 2400இல் ஓடும். ஆகவே 2400தான் வேண்டும் என்று தேடி அலையத் தேவையில்லை.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் "லப்டொப் ரேம் 8 ஜிபி" என்று மட்டும் கேட்டால் போதாது. ஸ்டிக்கரை வாசிக்க வேண்டும். வாங்கியதில் இருந்தது: 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2. பிசி4 என்றால் டிடிஆர்4. இரண்டாவது கோட்டுக்குப் பின் வரும் முதல் எழுத்துத்தான் முக்கியம்: எஸ் லப்டொப்புக்கு, யூ டெஸ்க்டொப்புக்கு, ஆர் சேவருக்கு. பாவித்த பொருட்களில் மலிவாகக் கிடைக்கும் ஆர் வகை சாதாரண டெஸ்க்டொப் ஸ்லொட்டில் அழகாக உட்காரும், ஆனால் மெஷின் எழும்பாது. 1ஆர்எக்ஸ்8க்குப் பதில் 1ஆர்எக்ஸ்16 என்று இருந்தால் அதே 8 ஜிபி சற்று மெதுவாக ஓடும். தெரிவு இருந்தால் எக்ஸ்8 எடுங்கள்.

பழைய மெஷின்காரருக்கு ஒரு வார்த்தை. இன்டெல் 4ஆம் தலைமுறை யூ வகை லப்டொப் புரொசஸர்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும், ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கும். 1.5 வோல்ட் டிடிஆர்3க்கும் அதே 204 பின், அதே வெட்டு. அதனால்தான் மாறிப்போகிறது. இன்டெல் ஜி41 சிப்செட் உள்ள பழைய டெஸ்க்டொப் போர்டுகள் இன்னும் தொல்லை: 4 ஜிபி துண்டில் 16 சிப் இருக்க வேண்டும், 8 சிப் உள்ளதை ஏற்காது.

பூட்டும்போது, முழுதாக அணைய ஷிப்டை அமத்திக்கொண்டு ஷட் டவுன் செய்து, சார்ஜரையும் உள்பற்றரி வயரையும் கழற்றியாயிற்று. துண்டைச் சரிவாக, தங்கப் பற்கள் ஏறக்குறைய மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமத்தினால் இருபக்கக் கொக்கியும் "டிக்" என்று பிடிக்கும். முதல் தடவை திரை கறுப்பாகவே இருந்தது. பாதிதான் ஏறியிருந்தது, கழற்றித் திரும்பப் போட்டதும் எழும்பியது. வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றில் வருடக்கணக்காக இருந்த துண்டென்றால் பற்களை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துப் பாருங்கள்.

இப்போது 12 ஜிபி காட்டுகிறது. ஒட்டிய 4உம் புதியதில் 4உம் டூவல் சனலில் (இரு வழியாக ஒரே நேரத்தில், வேகமாக), மிச்ச 4 சிங்கிளில் (ஒரே வழியாக) ஓடும். 4 + 4 போட்டிருந்தால் முழுதும் டூவல், ஆனால் இன்றைக்கு 8 ஜிபி போதாது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இரவு முழுதும் ஓடியது, பிழை பூச்சியம். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. புதிய துண்டைக் கழற்றி, ஒட்டிய 4 ஜிபியுடன் மட்டும் மறுபடி ஓட்டுங்கள். பிழை நின்றால், பில்லுடன் கடைக்குத் திரும்ப வேண்டியது புதிய துண்டு. நிற்காவிட்டால் கோளாறு போர்டில்.